செவி கேளாதார்க்குத் திறந்த கதவுகள்

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று நம்மவர் அன்றாடம் சொல்லுகின்றனர். பயனற்ற முயற்சிக்கு அஃது உவமை. ‘ஊமை கண்ட கனவு’ என்பது மற்றொன்று. வெளியிட வகையறியாத எண்ணத்திற்கு அஃது உவமை. இவ்விரண்டையும் நாவில் வைத்து வளர்ந்த நாம், சங்கூதப்பட்ட அச்செவிடன் யார், கனவு கண்ட அவ்வூமை எங்குள்ளான் என ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? கண்ணிழந்தான் கோலூன்றி வரக் கண்டால் வழிவிடுகிறோம். காலிழந்தானைக் கண்டால் கை கொடுக்கிறோம். செவியிழந்தானையோ அழைத்தும் திரும்பாதவன் என்று சினக்கிறோம். இருமுறை கேட்டானாயின் நகைக்கிறோம். பிறர் கண்ணுக்குப் புலப்படாத குறையாதலின் அது பிறர் இரக்கத்தையும் பெறாமற் போயிற்று.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். 1953-ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடியதன் நினைவாகப் பெயர் பெற்ற முதல் துணைநகர் அது. மலாயா ரயில்வேயில் உழைத்த தமிழர் 1930-களில் இருப்புப்பாதையின் ஓரத்தே சிறு குடிலில் வைத்து வழிபட்ட முனீஸ்வரன், இன்று காமன்வெல்த் டிரைவில் பெருங்கோயில் கொண்டிருப்பதும் அங்கேதான். 1938-இல் படைவீரர்க்கெனத் திறக்கப்பெற்ற அலெக்ஸாண்டிரா மருத்துவமனையும், கெண்ட் ரிட்ஜிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் அவ்வெல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கு இரு காட்சிகளை ஒரே நாளிற் காணலாம். பிறந்து இரண்டொரு நாளே ஆன மகவின் காதில் சிறு குழலொன்றைப் பொருத்தி, மெல்லிய ஓசையைச் செலுத்தி, உட்செவியிலிருந்து திரும்பும் எதிரொலியைக் கருவியால் அளக்கின்றனர்; உறங்கும் மகவு அதனை உணர்வதேயில்லை. அதே வேளையில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், நண்பர் கூடிப் பேசிச் சிரிக்கும் இடத்தில், பேச்சின் பொருள் பிடிபடாது தாமும் சிரிப்பதுபோற் பாவனை செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார் முதியவர் ஒருவர். ஒரு பக்கம் இத்துணை அறிவும் கருவியும். மறுபக்கம் இத்துணைத் தனிமை. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பதே நம் நோக்கம்.

சட்டமும் சாத்திரமும்

பண்டைக் காலத்தில் காது கேளாதார் நிலை எங்கும் ஒன்றாகவே இருந்தது. கேளாதவன் பேசான், பேசாதவன் அறியான், அறியாதவனுக்கு உரிமை எதற்கு என்பதே அக்காலத்து வழக்கு. நம் நாட்டில் மனுவின் நூல், பிறவிக் குருடனையும் செவிடனையும் ஊமையையும் பித்தனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, தந்தையின் சொத்தில் அவர்க்குப் பங்கில்லை, சோறும் துணியும் மட்டுமே உண்டு என விதித்தது. இவ்விதி ஏட்டோடு நின்றுவிட்டதன்று. ஆங்கிலேயர் அமைத்த நீதிமன்றங்களும் இதனையே இந்து தருமம் எனக் கொண்டு தீர்ப்பளித்துவந்தன. பிறவிச் செவிடாகப் பிறந்த மகன், தன் தமையன் ஆளும் வீட்டில் தனக்கென ஒரு பிடி மண்ணும் இல்லாதவனாய், ஏவல் செய்து வயிறு கழுவினான்.

1928-ஆம் ஆண்டில்தான் இந்து மரபுரிமைத் தடை நீக்கச் சட்டம் வந்து, உடற்குறை காரணமாக ஒருவனுக்குப் பங்கு மறுப்பதை நிறுத்திற்று. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ அங்கக்குறையோ எவருடைய உரிமையையும் பறிக்காது எனத் தெளிவாகக் கூறியது. சாத்திரம் மறுத்த உரிமையைச் சட்டமே மீட்டளித்தது. ஆயினும் சட்டம் சொத்தை அளித்ததேயன்றி மொழியை அளிக்கவில்லை. மொழியற்றவன் கையிலுள்ள பத்திரத்தைப் படிப்பவர் பிறரே அன்றோ?

மேனாட்டில் விளைந்த ஒளியும் இருளும்

மொழியை அளிக்கலாம் என்று மேனாட்டார் காட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துத் துறவி பெத்ரோ பொன்சே தெ லெயோன், பிரபுக்கள் வீட்டுச் செவிட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். எனினும் அது செல்வர் வீட்டுக் கல்வி. ஏழையின் பிள்ளைக்கும் கதவைத் திறந்தவர் பாரிஸ் மாநகரத்து அபே தெ லெப்பே என்னும் பாதிரியார். 1760-ஆம் ஆண்டையொட்டி அவர் தொடங்கிய பள்ளியில், காது கேளாதார் தமக்குள் வழங்கிவந்த சைகைகளையே அடிப்படையாகக் கொண்டு பாடம் நடைபெற்றது. ஆசிரியன் தன் மொழியை மாணவன்மேற் சுமத்தாது, மாணவன் மொழியைத் தான் முதலிற் கற்றான். இதுவே அம்முறையின் பெருமை. அப்பள்ளியில் பயின்று, பின் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய காது கேளாதவரான லாரண்ட் கிளெர்க் என்பார், தாமஸ் கல்லோடெட் என்பாருடன் கடல் கடந்து சென்று, 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் பள்ளி கண்டார். 1864-இல் வாஷிங்டனில் காது கேளாதார்க்கெனக் கல்லூரியே எழுந்தது.

பின்னர் இருள் சூழ்ந்தது. 1880-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதார் கல்விபற்றி மாநாடு ஒன்று கூடிற்று. சைகையை ஒழித்து, உதட்டசைவை நோக்கிப் பேசப் பழக்கும் வாய்மொழி முறையே சிறந்ததென அது தீர்மானித்தது. அங்குக் கூடிய நூற்றறுபதுக்கு மேற்பட்ட பேராளருள் காது கேளாதவர் ஒரே ஒருவர்! ஓர் இனத்தாரின் வாழ்வை அவ்வினத்தார் இல்லாத அவையில் முடிவு செய்தல் நமக்குப் புதிய செய்தியன்று. அத்தீர்மானத்தின் விளைவாகப் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர் வேலையிழந்தனர்; கையசைத்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருமாறு தண்டிக்கப்பட்டனர். 2010-ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு அத்தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. தவற்றை ஒப்ப 130 ஆண்டுகள் சென்றன.

இதனிடையே 1960-இல் வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர், சைகையானது அரைகுறைச் சாடையன்று, தனக்கென இலக்கணமுடைய முழுமொழியே என்று ஆராய்ந்து நிறுவினார். 1988-இல் வாஷிங்டன் கல்லோடெட் பல்கலைக்கழக மாணவர், தம் நிலையத்திற்குக் காது கேளாதவர் ஒருவரே தலைவராதல் வேண்டுமெனக் கிளர்ந்தெழுந்து, வாயிலை அடைத்து, வெற்றியும் பெற்றனர். நிலையம் தோன்றி 124 ஆண்டுகட்குப் பின் பெற்ற வெற்றி அது. பிறர் இரக்கத்தை வேண்டாது தம் ஆட்சியை வேண்டி நின்ற அவ்விளைஞரின் உணர்ச்சிக்குத் தன்மானம் என்பதன்றி வேறு பெயரில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கதவு

இந்திய நாட்டில் 1880-களில் பம்பாயிலும், 1893-இல் கல்கத்தாவிலும் காது கேளாதார் பள்ளிகள் தோன்றின. தமிழகத்திற்கு அவ்வொளி வந்தது திருநெல்வேலிச் சீமையிலே. இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெனானா மிஷனைச் சேர்ந்த பிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையார், 1897-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் நிறுவிய பள்ளி, அவர் பெயரோடு இன்றும் நிலவுகிறது. தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறிச் சிங்கைக்கு வந்து தஞ்சோங் பகாரில் குடியேறியவர் பலர். அவர் வழிவந்தார்க்குப் பாளையங்கோட்டை அயலூரன்று. ஆயினும் தம் சீமையில் இத்தகைய பள்ளி உண்டென்பதை அறிந்து கப்பலேறியோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்?

இங்கு ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்லுதல் ஒல்லாது. நம் நாட்டில் மடங்களுக்கு நிலமிருந்தது; கோயில்களுக்குப் பொன்னிருந்தது; சத்திரங்களிற் சோறிருந்தது. கேளாத குழந்தைக்கு எழுத்தறிவிக்க ஒரு திண்ணைப் பள்ளி மட்டும் இல்லை. முற்பிறவியிற் செய்த வினை என்று சொல்லிவிட்டால் இப்பிறவியில் செய்யவேண்டுவது ஒன்றுமில்லையாகிவிடுகிறது. சமயம் பரப்ப வந்தவரே ஆயினும், வினையென்று விட்டுவிடாது விரலைப் பிடித்து எழுதக் கற்பித்தவர் அவ்வேற்று நாட்டம்மையார். நன்றியுடன் அதனைக் கூறுவோம், நாணத்துடனும் கூறுவோம்.

சிங்கையில் நடந்தது

சிங்கப்பூரில் இப்பணி தொடங்கியது இரண்டாம் உலகப்போர் ஓய்ந்த பின்னரே. 1950-களின் தொடக்கத்தில் இருவேறு வழிகளில் அது பிறந்தது. ஒருபால், பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தாரின் ஆதரவில், ஆங்கிலத்தில் உதட்டசைவு நோக்கிப் பேசப் பழக்கும் வகுப்பு நடைபெற்றது. மற்றொருபால், ஷாங்காயிற் பிறந்து, சிறுபிராயத்திலேயே செவிப்புலன் இழந்த பெங் சூ யிங் என்னும் இளைஞர், தாமே காது கேளாப் பிள்ளைகளைத் தேடிக் கற்பிக்கத் தொடங்கினார். 1954-இல் அவர் சீனச் சைகைப் பள்ளியை நிறுவினார். ஷாங்காய்ச் சைகையும் சீன எழுத்துமே அங்குக் கல்விக்கு வாயில். இவர் பள்ளியாசிரியர் மட்டுமல்லர். மோட்டார்ப் பந்தயங்களிற் கோப்பைகள் பல வென்ற காரோட்டியும் ஆவார். காது கேளாதவன் தெருவிற் செல்லவும் துணை வேண்டும் என்றிருந்தோர்க்கு, பந்தயத் தடத்தில் முந்திச்சென்ற அவர் வாழ்க்கையே விடையாயிற்று. 2018-இல் அவர் மறைந்தார்.

1955-இல் இப்பணிக்கெனச் சங்கம் ஒன்று அமைந்தது. தொடக்கத்தில் அதன் பெயரிற் ‘செவிடர்’ என்பதோடு ‘ஊமையர்’ என்பதும் சேர்ந்திருந்தது. பின்னர் ‘ஊமையர்’ என்னும் சொல் நீங்கிற்று. அது தக்க செயலே. கேளாதவன் பேசாதிருப்பது நாவின் குறையாலன்று. கேட்டறியாத ஒலியை எழுப்ப எவராலும் எளிதில் இயலாது. கையால் பேசுகிறவனை ஊமை என்பது, தமிழறியாதவன் தமிழனை ஊமை என்பதை ஒக்கும். 1956-இல் கனோசியன் கன்னியர் ஒரு பள்ளி தொடங்கினர். 1963-இல் ஆங்கில வாய்மொழிப் பள்ளியும் சீனச் சைகைப் பள்ளியும் ஒரே கூரையின்கீழ், மவுண்ட்பேட்டன் சாலையில், சிங்கப்பூர்க் காது கேளாதார் பள்ளியாக இணைந்தன. மலாயாவிலும் 1954-ஆம் ஆண்டிலேயே பினாங்கின் தஞ்சோங் பூங்காவில் கூட்டரசுக் காது கேளாதார் பள்ளி தொடங்கியிருந்தது.

1970-களின் நடுவில், தாமே காது கேளாதவரான கல்லோடெட் பேராசிரியை பிரான்சிஸ் பார்சன்ஸ் இங்கு வந்து, பேச்சு, சைகை, எழுத்து, கருவி அனைத்தையும் ஒருங்கே கையாளும் முழுத்தொடர்பு முறையை எடுத்துரைத்தார். அதனையொட்டி ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் நேராய் அமைந்த சைகைமுறை பள்ளியிற் புகுந்தது. ஷாங்காயிலிருந்து வந்ததும், அமெரிக்காவிலிருந்து வந்ததும், இம்மண்ணிலேயே முளைத்ததும் கலந்து வளர்ந்த மொழிக்கு 2000-களின் பிற்பகுதியிற் ‘சிங்கப்பூர்ச் சைகைமொழி’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் அந்நாட்டுச் சைகைமொழியை ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூர் 2013-இல் உடற்குறையுடையோர் உரிமைபற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை ஏற்றது. காலம் மாற, காதுக்கருவியும் உட்செவியிற் பதிக்கும் காக்ளியர் கருவியும் பெருகிப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளை நாடவே, மாணவர் தொகை குறைந்த மவுண்ட்பேட்டன் பள்ளி 2017-இல் மூடப்பட்டது. 2018 முதல் மேபிளவர் தொடக்கப்பள்ளியில் சைகை வழி கற்கும் பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளோடு ஒன்றாய்ப் பயில்கின்றனர்.

தமிழ்க் குழந்தையின் நிலை

இவ்வரலாற்றைப் படித்துவரும் தமிழர் மனத்தில் ஒரு வினா எழுந்திருக்கும். ஒரு பள்ளி ஆங்கிலம். ஒரு பள்ளி சீனம். தமிழ்த் தாயின் மடியிற் கிடந்த கேளாக் குழந்தைக்கு எது? இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும் இல்லை. ஆங்கிலச் சைகையில் தன் தோழரோடு தடையின்றிப் பேசும் பிள்ளை, தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடம் பசிக்கிறது என்பதற்கு வயிற்றைத் தொட்டுக் காட்டவேண்டியதாயிற்று. பள்ளியில் அறிவாளி, வீட்டில் ஊமை. தேக்காவிற் பொங்கல் திருநாளன்று தமிழ் பொங்கி வழியும்போது, அதன் நடுவே நின்றும் அதிற் பங்கில்லாதவன் அவன்.

இதற்குத் தீர்வு யாது? பிள்ளையின் மொழியைக் குடும்பம் கற்பதே முதல் தீர்வு. அபே தெ லெப்பே இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் செய்தது அதுவே. தாய் மட்டும் கற்றாற் போதாது. தந்தையும் தமக்கையும் தாத்தாவும் கற்றல் வேண்டும். கருவி பொருத்திக் கேட்கப் பழகும் பிள்ளையின் செய்தி வேறு. குழப்பம் விளையும் என்றஞ்சி அத்தகைய பிள்ளைக்கு ஒரு மொழியே போதுமென்று முன்னாளிற் கூறிவந்தனர். கேட்கும் வாய்ப்பை நன்கு பெற்ற பிள்ளைகட்கு இரண்டாம் மொழி கேடு செய்வதில்லை என்றே பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உடற்குறையுடைய மாணவர்க்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெற இங்கு வழியுண்டு. வேண்டுவோர்க்கு அவ்வழி இருக்கட்டும். ஆனால் பள்ளியில் விலக்குப் பெற்றதற்காக வீட்டிலும் தமிழை விலக்கிவிடுதல் பெற்றோர் செய்யும் பிழையாகும்.

எதிலும் காலந்தாழ்த்தல் ஆகாது. மொழி வேரூன்றும் பருவம் முதற் சில ஆண்டுகளே. ஆதலின், ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் முடிவு, ஆறு மாதத்திற்குள் உதவி என்று வல்லுநர் வரையறுத்திருக்கின்றனர். ‘மாமனும் ஐந்து வயதில்தான் பேசினான்’ என்று சொல்லிச் சொல்லியே ஐந்தாண்டைப் போக்கிய குடும்பங்கள் நம்மில் உண்டு. கயிறு கட்டியும் மந்திரித்தும் நேர்ச்சை கழித்தும் போக்கிய நாட்களை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

காரணங்களை நாடுவோம்

வினையெனச் சொல்லி ஒழிந்தவற்றிற்குக் காரணங்கள் உள. தென்னாட்டுக் காது கேளாதாரை ஆராய்ந்தோர், நெருங்கிய உறவிற் கொள்ளும் திருமணத்தின் பங்கை மீண்டும் மீண்டும் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். தாய் தந்தை இருவரிடமும் மறைந்து கிடக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளையிடம் வந்து சேருமாயின் கேளாமை வெளிப்படும்; இருவரும் ஒரே பாட்டனின் வழியினராயின் அவ்வாய்ப்பு மிகும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் முறையெனக் கொள்ளும் நாம், முறை என்னும் சொல்லைச் சற்றே அறிவின் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தல் நலம். கருவுற்ற தாய்க்கு ரூபெல்லா அம்மை காணின், பிறக்கும் மகவு கண்ணும் செவியும் இழத்தல் கூடும் என்பது 1940-களில் ஆஸ்திரேலிய மருத்துவர் கண்ட உண்மை. தடுப்பூசி அதனைத் தடுக்கும். தட்டம்மை, மூளையுறைக் காய்ச்சல் ஆகியவையும் செவியைக் கெடுக்கவல்லவை.

உழைப்பாளர்க்கு நேரும் கேடு வேறு. மலேரியாவிற்கெனத் தோட்டங்களில் விழுங்கிய கொயினா காதில் ஓயாத இரைச்சலை எழுப்பியதைப் பழைய தோட்டத்தார் அறிவர். காசநோய்க்கு இட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி உயிரைக் காத்துச் சிலருடைய செவியைக் கொண்டுபோயிற்று. ரப்பர் ஆலையின் உருளை இயந்திரமும், கப்பற் பட்டறையின் சம்மட்டியும், கட்டடத் தளத்தின் துளைப்பொறியும் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செவியைத் தின்பன. நாளொன்றுக்கு 8 மணி நேர உழைப்பிற்கு 85 டெசிபல் என்பதே ஓசையின் எல்லை. அதற்கு மேற்பட்ட ஓசையில் செவிக்காப்பின்றி உழைப்பவன் தன் கூலியோடு தன் செவியையும் விற்கிறான். கெட்ட செவி நரம்பணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின் செவிக்காப்புக் கேட்பது கோழைத்தனமன்று, தொழிலாளியின் உரிமை.

முதியோரும் நாமும்

2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் 150 கோடிப் பேர்க்கு ஏதோ ஓரளவு செவிக்குறை உண்டென்றும், அவருள் 43 கோடிப் பேர்க்கு மறுவாழ்வு உதவி தேவையென்றும் கூறுகிறது. அவருட் பெரும்பாலோர் முதியோர். பேச்சுக் கேளாதார் கூட்டத்தைத் துறக்கின்றனர். கூட்டத்தைத் துறந்தார் மனம் சோர்கின்றனர். கேளாமைக்கும் முதுமை மறதிக்கும் தொடர்புண்டென மருத்துவர் எச்சரிக்கின்றனர்.

கண்ணாடி அணிவதைக் கற்றவர்க்கு அழகெனக் கொள்ளும் நாம், காதுக்கருவியை மட்டும் கிழத்தனத்தின் அடையாளமென மறைக்கிறோம். கருவியை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்போரும் பலர். அது மூக்குக்கண்ணாடிபோல் அணிந்தவுடன் பயன் தருவதன்று. நெடுநாள் மறந்திருந்த ஓசைகள் அனைத்தும் ஒருங்கே வந்து மோதும்; மூளை அவற்றைப் பிரித்தறியச் சில வாரங்கள் ஆகும்; செவித்திறன் வல்லுநரிடம் பலமுறை சென்று சீர்செய்தல் வேண்டும். மறுவாழ்வுப் பணி என்பது கருவியைக் கொடுப்பதன்று. கருவியோடு பழகுமட்டும் துணை நிற்பது. அத்துணையைக் குடும்பத்தார் செலவின்றிச் செய்யலாம். முகத்தை நேரே காட்டி, வெளிச்சம் முகத்தில் விழ நின்று, தொலைக்காட்சியை அடக்கி, கத்தாது, நிறுத்தி நிதானமாகப் பேசுக. ஒருமுறை கேளாவிடின் வேறு சொற்களாற் கூறுக. ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று மட்டும் சொல்லற்க. கேளாதவரை வீட்டினின்று வெளியேற்றும் சொல் அதுவே.

நம் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றீர்கள். மேடையில் சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்துங்கள். இலக்கியக் கூட்டம் நடத்துகின்றீர்கள். பேச்சை எழுத்தாய்த் திரையிற் காட்டுங்கள். தமிழ்ப் பெற்றோர்க்குத் தமிழிலேயே விளக்கிச் சைகை கற்பிக்கும் வகுப்பொன்றை, ஓய்வுநாளில் இரண்டு மணி நேரமாயினும், தொடங்குங்கள். அதனை நடத்தும்போது காது கேளாத தமிழரையே ஆசிரியராக அமர்த்துங்கள். மிலான் மாநாட்டின் பிழையை நாமும் செய்யவேண்டா.

பாளையங்கோட்டையில் முதற் கதவு திறந்து 125 ஆண்டுகட்கு மேலாயிற்று. சிங்கையிற் கதவு திறந்து 70 ஆண்டு கடந்தது. நம் வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்பதே எஞ்சிய வினா. அடுத்தமுறை ஒருவர் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று இரண்டாம் முறை கேட்கும்போது, நகையாது, சலியாது, அவர் முகம் நோக்கி மீண்டும் சொல்வோமாக. அங்கிருந்து தொடங்குவோம்.